தும்மலுக்கு எந்த மாத்திரை? அவில், சிட்ரசின், ஃபெக்ஸோஃபெனடின், மூக்கு ஸ்ப்ரே

திருப்பூரில் மெடிக்கல் ஷாப் வைத்திருப்பவனுக்குத் தும்மல்தான் பாதிச் சோறு போடுகிறது. கடையைச் சுற்றி நாலு பக்கமும் பனியன் கம்பெனி. காலை ஷிஃப்டுக்கு முன்னால் அரை மணி நேரம் கடை முன் வந்து நிற்கிற பைக்குகளில் பாதி, தும்மலுக்கோ மூக்கு ஒழுகலுக்கோ வந்தவையாக இருக்கும். கேட்கிற கேள்வியும் ஒன்றுதான்: “அண்ணா, தும்மலுக்கு ஒண்ணு குடுங்க. தூக்கம் வராததாப் பாத்துக் குடுங்க.”

இதற்கு என் அலமாரியில் பதில்கள் நிறைய. சில பைசாவில் ஆரம்பித்து இருபது ரூபாய் வரை ஒரு மாத்திரை இருக்கிறது. எது ‘பவர்’ அதிகம் என்றுதான் எல்லோரும் பார்க்கிறார்கள். நான் பார்ப்பது வேறு: விழுங்கிய பிறகு இந்த மருந்து உடம்பில் எங்கெல்லாம் போகிறது, எங்கே போக முடியாமல் நிற்கிறது. தும்மலை நிறுத்துவதில் இவற்றுக்குள் பெரிய வித்தியாசம் கிடையாது. பக்கவிளைவில்தான் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். அதைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் போதும்.

கொஞ்சம் உள்ளே போய்ப் பார்ப்போம். தூசியோ, தலையணையில் குடியிருக்கும் கண்ணுக்குத் தெரியாத தூசிப்பூச்சியின் கழிவோ மூக்கில் ஏறுகிறது. உங்கள் உடம்பு அதை எதிரி என்று முன்பே முடிவுகட்டியிருந்தால், மூக்கின் உட்தோலில் உள்ள மாஸ்ட் செல்கள் சில நிமிடங்களிலேயே ஹிஸ்டமின் என்ற ரசாயனத்தைக் கொட்டும். அந்த ஹிஸ்டமின் போய் உட்காருவதற்கென்று செல்களின் மேல் ஓர் இருக்கை உண்டு. எச்1 ஏற்பி என்று பெயர். நரம்பு முனையில் இருக்கும் இருக்கையில் உட்கார்ந்தால் அரிப்பு, தும்மல். ரத்தக் குழாயில் இருப்பதில் உட்கார்ந்தால் குழாய்ச் சுவர் கசிந்து மூக்கும் கண்ணும் ஒழுகும்.

அலர்ஜி மாத்திரை செய்வது நம்ம ஊர் பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிக்கிற வேலை. ஹிஸ்டமின் வருவதற்குள் அந்த இருக்கையில் துண்டு விழுந்துவிட வேண்டும். ஏற்கெனவே உட்கார்ந்து பயணத்தைத் தொடங்கிவிட்டவரை எழுப்பி விடுவது சிரமம். நாற்பது தும்மல் தும்மி முடித்துவிட்டு மாத்திரை போட்டால் ‘வேலை செய்யலையே’ என்று தோன்றுவது இதனால்தான். தினமும் காலையில் தும்முகிறவர் தும்மல் வருவதற்கு முன்பே போட்டுக்கொள்வதில் அர்த்தம் இருக்கிறது.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், அதே எச்1 இருக்கை மூளையிலும் இருக்கிறது. அங்கே ஹிஸ்டமினுக்கு வேறு உத்தியோகம். நம்மை விழிப்பாக, கவனமாக வைத்திருப்பது அது. மூளைக்குள்ளும் போய்த் துண்டு போடுகிற மருந்து மூக்கை உலர்த்துகிற கையோடு நம்மையும் தூங்க வைக்கும். மருந்து ஒன்று, செயல் ஒன்று, இடம்தான் வேறு.

அவிலும் சி.பி.எம்.மும்

முதல் கட்சி பழையவர்கள். அவில் என்ற பெயரில் மூன்று தலைமுறைக்குத் தெரிந்த ஃபெனிரமின். அதனுடைய உறவுக்காரன் குளோர்ஃபெனிரமின், சுருக்கமாக சி.பி.எம். முன்னதன் மூலக்கூறில் ஒரே ஒரு குளோரின் அணுவைச் சேர்த்தால் பின்னது. அந்த ஓர் அணு வீரியத்தைப் பல மடங்கு கூட்டியதால் 25 மி.கி. வேண்டிய இடத்தில் 4 மி.கி. போதும் என்றானது. இரண்டும் 1940களின் சரக்கு.

இந்தக் குடும்பத்தின் பூர்வீகம் பாரிஸ். 1937இல் பாஸ்டர் ஆய்வு நிறுவனத்தில் டேனியல் போவே, ஆன்-மாரி ஸ்டாப் இருவரும் ஹிஸ்டமினைத் தடுக்கிற முதல் பொருளைக் கண்டுபிடித்தார்கள். கினிப் பன்றிகளை அது காப்பாற்றியது, ஆனால் மனிதர்களுக்குக் கொடுக்க முடியாத அளவுக்கு நச்சு. 1942இல் பிரான்சிலேயே மனிதர்கள் சாப்பிடக்கூடிய முதல் ஹிஸ்டமின் தடுப்பு மருந்து வந்தது. அதன் பிறகு பத்து வருஷத்துக்கு உலகமெங்கும் வேதியியலாளர்கள் அதே அச்சில் விதவிதமாக வார்த்தார்கள். போவேக்கு 1957இல் நோபல் பரிசு கிடைத்தது.

இந்தப் பழைய மூலக்கூறுகள் சிறியவை, கொழுப்பில் கரைபவை. மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்களின் சுவர் மற்ற இடங்களைப் போல இளக்கமான நிட்டிங் துணி கிடையாது, இடைவெளி இல்லாமல் அடித்து நெய்த கித்தான். தண்ணீரில் கரைகிற சரக்கு அதில் எளிதில் நுழையாது. கொழுப்பில் கரைவது நுழைந்துவிடும். ஜப்பானின் தோஹோகு பல்கலைக்கழகத்தில் மூளையைப் ‘பெட்’ ஸ்கேன் எடுத்து எத்தனை எச்1 இருக்கைகளில் துண்டு விழுந்திருக்கிறது என்று எண்ணிப் பார்த்தார்கள். சி.பி.எம். வகை மருந்தை வழக்கமான சிறு அளவில் கொடுத்தபோதே ஏறக்குறைய பாதி இருக்கை போயிருந்தது.

“ராத்திரி போட்டுக்கிட்டுப் படுத்தா என்ன?” என்று கேட்பார்கள். சி.பி.எம். ரத்தத்தில் பாதியாகக் குறைவதற்கே பெரியவர்களுக்குச் சுமார் 20 மணி நேரம் ஆகும். ராத்திரி பத்து மணிக்குப் போட்டது, காலை எட்டரைக்கு மெஷின் முன் உட்காரும்போதும் பாதிக்கு மேல் உள்ளேதான் இருக்கும்.

எனக்கு ஒரு கட்டிங் மாஸ்டர் வாடிக்கையாளர். நூறு அடுக்குத் துணியை ஒன்றாகப் போட்டு, நெட்டுக்குத்தாக ஏறி இறங்குகிற கத்தி மெஷினைத் தள்ளிக்கொண்டே போகிற வேலை. இடது கையில் இரும்பு வலைக் கையுறை. பல வருஷமாகக் காலையில் ஒரு சி.பி.எம். போட்டுக்கொண்டுதான் வேலைக்குப் போவார். ஒரு நாள் கையுறை போடாத கையின் பெருவிரலில் கட்டோடு வந்து நின்றார். மாத்திரையைப் பற்றி நான் பேச்செடுத்ததும், “தூக்கமெல்லாம் வர்றதில்லீங்க, பழகிப்போச்சு” என்றார்.

பழகும் என்பதில் பொய் இல்லை. சில நாள் தொடர்ந்து போட்டால் கண் செருகுவது குறையத்தான் செய்யும். ஆனால் கண் செருகவில்லை என்பதும் கை சரியாக இருக்கிறது என்பதும் ஒன்றில்லை. அமெரிக்காவில் ஐயோவா பல்கலைக்கழகத்தில் 40 பேரை வைத்து, கார் ஓட்டுவது போன்ற பொம்மை ஓட்டுநர் அறையில் ஒரு சோதனை செய்து 2000இல் வெளியிட்டார்கள். ஒருமுறை டைஃபென்ஹைட்ரமின் என்ற பழைய வகை மருந்து, ஒருமுறை ஃபெக்ஸோஃபெனடின், ஒருமுறை ரத்தத்தில் 0.1 சதவீதம் ஏறும்படி மது, ஒருமுறை வெற்று மாத்திரை. நம் நாட்டுச் சட்டம் ஓட்டுநருக்கு அனுமதிப்பது 0.03 சதவீதம்தான், அதைப்போல மூன்று மடங்குக்கு மேல் குடித்தவர்களைவிடவும் பழைய மருந்து சாப்பிட்டபோது மோசமாக ஓட்டினார்கள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது அது இல்லை. எவ்வளவு தூக்கம் வருகிறது என்று அவர்களே சொன்ன மார்க்குக்கும் வண்டி எவ்வளவு கோணியது என்பதற்கும் பெரிதாகப் பொருத்தம் இல்லை. ‘எனக்கு ஒண்ணும் பண்ணல’ என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை, அவருக்கே தெரியவில்லை.

பழைய மாத்திரையின் இன்னொரு கெட்ட பழக்கம், தன் பஸ் எது என்று தெரியாமல் பக்கத்து பஸ்ஸிலும் துண்டு போடுவது. அசிட்டைல்கோலின் என்ற வேறொரு ரசாயனத்தின் இருக்கைகளையும் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் நாக்கு வறள்கிறது, மலச்சிக்கல் வருகிறது. புராஸ்டேட் வீங்கிய பெரியவருக்குச் சிறுநீர் அடைத்துக்கொள்ளும். சிலவகைக் கண் நீர் அழுத்த நோய்க்காரர்களுக்கு அழுத்தம் ஏறும். எழுபதைத் தாண்டியவர்கள் இரவில் குழம்பிப் பேசுவார்கள், கழிவறைக்குப் போகும்போது தடுமாறி விழுவார்கள். வயதானவர்களுக்குத் தவிர்க்க வேண்டிய மருந்துகள் என்று அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் வைத்திருக்கும் பட்டியலில் இந்தக் குடும்பம் நிரந்தர உறுப்பினர். சனிக்கிழமை சம்பளம் வாங்கிவிட்டு ‘கடைக்கு’ப் போகிற ஆட்களுக்கு நான் இதைத் தருவதே இல்லை. மதுவும் இதுவும் சேர்ந்தால் ஒன்றும் ஒன்றும் மூன்று.

ஆனால் பழைய மாத்திரையின் ‘குறை’யிலிருந்துதான் மனநல மருத்துவமே திசை மாறியது. புரோமெத்தசின் என்ற இதே வகை மருந்து நோயாளிகளை ஒரு மாதிரி அமைதிப்படுத்துவதைக் கவனித்த பிரெஞ்சுக்காரர்கள், அந்த மூலக்கூறை வேண்டுமென்றே மூளைப் பக்கம் தள்ளிச் செய்ததுதான் குளோர்புரோமசின். 1952இல் அது மனநல மருத்துவமனைகளுக்குள் நுழைந்தது. ஒருவருக்குப் பக்கவிளைவு, இன்னொருவருக்கு அதுவே மருந்து. இன்றும் பஸ்ஸில் வாந்தி வருகிறவர்களுக்கு இந்தக் குடும்பத்தில்தான் மாத்திரை தருகிறோம். அங்கே மூளைக்குள் போவதுதான் வேண்டியது. தும்மலுக்கு வேண்டியதில்லை.

ஆக, விலை ஒன்றைத் தவிர இதற்காகப் பேச என்னிடம் எதுவும் இல்லை.

சிட்ரசின்

ஊர் வாயில் ‘சிட்ரசின்’; அட்டையில் செட்டிரிசின். அதிகம் விற்பது இதுதான்.

இது பிறந்த விதம் எனக்குப் பிடிக்கும். ஹைட்ராக்சிசின் என்று 1950களின் பழைய மருந்து ஒன்று. நன்றாக அரிப்பை நிறுத்தும், நன்றாகத் தூங்கவும் வைக்கும். கல்லீரல் அதை மாற்றி ரத்தத்தில் விடுகிற பொருளைப் பெல்ஜியத்தின் யு.சி.பி. கம்பெனிக்காரர்கள் எடுத்துப் பார்த்தார்கள். அரிப்பை நிறுத்தும் வேலையை அதுவே செய்தது, ஆனால் மின்னேற்றம் சேர்ந்திருந்ததால் மூளைச் சுவரில் அவ்வளவாக நுழையவில்லை. சரி, கல்லீரல் செய்துகொடுப்பதை நாமே செய்து நேராக மாத்திரையாகக் கொடுத்துவிடுவோம் என்று 1980களில் கொண்டுவந்தார்கள்.

‘அவ்வளவாக’ என்பதைக் கவனியுங்கள். 10 மி.கி. மாத்திரைக்கு மூளையில் சுமார் எட்டில் ஒரு பங்கு இருக்கை போகிறது, 20 மி.கி. போட்டால் அது கால் பங்கு. அமெரிக்க அனுமதிக்கான சோதனைகளில் 10 மி.கி. சாப்பிட்டவர்களில் 14 சதவீதம் பேர் தூக்கம் வந்ததாகச் சொன்னார்கள். வெற்று மாத்திரைக்காரர்களில் 6 சதவீதம். நூறு பேரில் எட்டுப் பேருக்கு மாத்திரையால் வந்த தூக்கம் என்று எடுத்துக்கொள்ளலாம். அந்த எட்டில் நீங்கள் உண்டா என்பது சாப்பிட்டால்தான் தெரியும். அதனால் முதல் மாத்திரையை லீவு நாளில், ராத்திரியில் போட்டுப் பார்க்கச் சொல்வேன்.

இதன் பலம் வேகம். ஒரு மணி நேரத்தில் வேலை தொடங்கிவிடும். சருமத்தில் தடிப்பு, அரிப்பு என்றால் இன்னும் நன்றாகவே கேட்கும். பெரும்பகுதி உருமாறாமல் சிறுநீரில் போய்விடுவதால் கல்லீரலுக்கு வேலை குறைவு. கிட்னி சரியில்லாதவர்களுக்கு அளவைக் குறைத்தாக வேண்டும்.

அண்மையில் இன்னொன்றும் தெரியவந்திருக்கிறது. மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் தினமும் போட்டவர்கள் சட்டென்று நிறுத்தினால் சில நாளில் உடம்பெல்லாம் தாங்க முடியாத அரிப்பு வருவது உண்டு என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2025 மே மாதம் எச்சரித்தது. உலக அளவில் அவர்கள் கணக்கில் வந்தவர்கள் 209 பேர்தான்; கோடிக்கணக்கானோர் சாப்பிடுகிற மருந்துக்கு இது அபூர்வம். ஆனால் அப்படி அரிக்கிறவர் ‘அலர்ஜி திரும்ப வந்திருச்சு’ என்று மறுபடி மாத்திரையைப் பிடித்துக்கொள்வார் இல்லையா, அதுதான் தொல்லை.

லெவோசெட்டிரிசின்? செட்டிரிசினில் வலது கை, இடது கை போல ஒன்றையொன்று கண்ணாடியில் பார்த்த இரண்டு வடிவங்கள் சரிபாதி கலந்திருக்கும். வேலை செய்வது ஏறக்குறைய ஒரு கை மட்டும்தான். அந்தக் கையை மட்டும் பிரித்தெடுத்து 5 மி.கி.யாகக் கொடுத்தால் லெவோ. முதல் மருந்தின் காப்புரிமை முடிகிற காலத்தில் பல கம்பெனிகள் கையாண்ட வழி இது. தூக்கம் கொஞ்சம் குறைவு என்று சிலர் சொல்வார்கள். என் கடையில் அந்த வித்தியாசத்தை உணர்ந்தவர்கள் குறைவு. பத்து ரூபாய் கூடக் கொடுப்பதற்குள்ள காரணம் எனக்குப் படவில்லை.

இதோடு மாண்டெலுகாஸ்ட் என்ற ஆஸ்துமா மருந்து சேர்ந்த கூட்டு மாத்திரை இன்று தண்ணீர் பட்ட பாடாகப் போகிறது. ஆஸ்துமாவும் சேர்ந்திருப்பவருக்கு மருத்துவர் எழுதினால் அது வேறு. வெறும் தும்மலுக்குப் பழைய சீட்டைக் காட்டி வாங்குவதுதான் எனக்கு உடன்பாடில்லை. மாண்டெலுகாஸ்ட் சிலருக்குக் கெட்ட கனவு, எரிச்சல், மனச்சோர்வு, தற்கொலை எண்ணம் வரை கொண்டுபோகலாம் என்பதால் 2020 மார்ச்சில் அமெரிக்காவில் அதற்குக் கறுப்புக் கட்டம் போட்ட எச்சரிக்கை வைத்தார்கள். மூக்கு அலர்ஜிக்கு வேறு மருந்து கேட்காதபோது மட்டும் என்றும் சொன்னார்கள். மகன் ராத்திரியில் அலறி எழுகிறான் என்று ஒரு அம்மா சொன்னபோது, முதலில் நான் கேட்டது என்ன மாத்திரை ஓடுகிறது என்பதைத்தான்.

இதே புது வகையில் இன்னொன்றான லொராடடினைப் பற்றிச் சுருக்கமாக: தூக்கம் குறைவு, வேகமும் குறைவு, நம் பக்கத்தில் அவ்வளவாக எழுதுவதில்லை. கிடைத்தால் மோசமில்லை.

ஃபெக்ஸோஃபெனடின்

இதன் கதை ஒரு விபத்திலிருந்து தொடங்குகிறது.

1970களில் ஓர் அமெரிக்கக் கம்பெனி மனதை அமைதிப்படுத்தும் மருந்து தேடி டெர்ஃபெனடின் என்ற மூலக்கூறைச் செய்தது. மூளைக்குள்ளேயே போகவில்லை, அந்த வேலைக்குத் தோல்வி. ஆனால் ஹிஸ்டமினைத் தடுத்தது. மூளைக்குப் போகாத ஹிஸ்டமின் தடுப்பு! தோற்ற மருந்துக்கு அடித்தது யோகம். 1985இல் அமெரிக்காவில் ‘தூக்கம் வராத’ முதல் அலர்ஜி மாத்திரையாக வந்து கோடிக்கணக்கில் விற்றது.

1990இல் ஒரு மருத்துவ இதழில் 39 வயதுப் பெண் ஒருவரைப் பற்றிக் குறிப்பு வந்தது. டெர்ஃபெனடின் சாப்பிட்டு வந்தவர் பூஞ்சைத் தொற்றுக்காகக் கீட்டோகொனசோலையும் போட்டுக்கொண்டார். இதயத் துடிப்பு தாறுமாறாகித் தலைசுற்றி மயங்கினார். தேடிப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. விழுங்கிய டெர்ஃபெனடின் ஏறக்குறைய முழுவதையும் கல்லீரலும் குடலும் முதல் சுற்றிலேயே வேறொரு பொருளாக மாற்றிவிடுகின்றன. இத்தனை வருஷம் தும்மலை நிறுத்தியது அந்த மாறிய பொருள்தான். மாறாத டெர்ஃபெனடின் ரத்தத்தில் ஏறினால் இதயச் செல்கள் ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் பொட்டாசியத்தை வெளியே விட்டு ஆசுவாசப்படும் வாசலை அடைத்துவிடும். சாதாரண நாளில் அது ரத்தத்துக்கு வருவதே அபூர்வம், கல்லீரல் நொதி காவல் இருப்பதால். கீட்டோகொனசோல் அந்த நொதியை முடக்கியது. எரித்ரோமைசினும் முடக்கும். கிரேப்ஃப்ரூட் என்ற பம்பளிமாஸ் வகைப் பழத்தின் சாறுகூட முடக்கும்.

அப்புறம் நடந்தது எளிதாகவே யூகிக்கக்கூடியது. கல்லீரல் மாற்றித் தருகிற அந்தப் பொருளையே மாத்திரையாக்கினார்கள். இதயத்தின் அந்த வாசலை அது தொடுவதில்லை. அதுதான் ஃபெக்ஸோஃபெனடின், 1996இல் அனுமதி கிடைத்தது, 1998 தொடக்கத்தில் டெர்ஃபெனடின் கடைகளிலிருந்து போனது. ஆஸ்டெமிசோல் என்ற இன்னொன்றும் அடுத்த ஆண்டே போனது. இன்று எந்தப் புது மருந்தானாலும் ஈ.சி.ஜி.யில் துடிப்பின் நீளத்தைக் கூட்டுகிறதா என்று பார்த்த பிறகே வெளியே வருகிறது. சாதாரணத் தும்மல் மாத்திரை உலகுக்கே வைத்துவிட்டுப் போன சட்டம் அது.

இது மூளைக்குள் போகாததற்குக் காரணம், மூளைச் சுவரில் நிற்கிற பி-கிளைக்கோபுரதம் என்ற வாயிற்காப்போன். தவறி நுழைகிற கொஞ்சத்தையும் பிடித்து வெளியே தள்ளிவிடுகிறது. ஸ்கேனில் மூளை இருக்கைகள் ஏறக்குறைய அத்தனையும் காலியாகவே இருந்தன. அமெரிக்க விமானப் போக்குவரத்து அமைப்பு விமானிகளுக்கு அனுமதிக்கும் பட்டியலில் ஃபெக்ஸோஃபெனடினும் லொராடடினும் உண்டு, செட்டிரிசின் இல்லை. லாரி ஓட்டுகிறவருக்கும் கட்டிங் மாஸ்டருக்கும் நான் வைக்கிற அளவுகோல் அதுதான்.

குறை? விலை முதல் குறை. பெயர்பெற்ற கம்பெனி அட்டையில் ஒரு மாத்திரை சிட்ரசினைப் போலப் பத்து மடங்கு. மக்கள் மருந்தகத்தில் இதே மருந்தைக் கேட்டால் விலை வெகுவாகக் குறையும். என் வியாபாரத்துக்கு எதிராகத்தான் சொல்கிறேன்.

இரண்டாவது குறை, இது உள்ளே ஏறுவதில் ரொம்பவும் சங்கோஜி. குடல் சுவரில் உள்ள ஒரு கடத்திப் புரதம் கைப்பிடித்து அழைத்துப் போனால்தான் ரத்தத்துக்கு வரும். ஆரஞ்சு, ஆப்பிள், கிரேப்ஃப்ரூட் சாறுகள் அந்தக் கையைத் தட்டிவிடும். ரத்தத்துக்கு வருகிற அளவு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துபோகும். பழைய டெர்ஃபெனடினைக் கிரேப்ஃப்ரூட் ஆபத்தாக்கியது; அதன் பிள்ளையை வெறும் சாக்பீஸ் ஆக்குகிறது! அலுமினியமும் மெக்னீசியமும் சேர்ந்த அசிடிட்டி மருந்தும் அப்படித்தான், மாத்திரையோடு சேர்த்துக் குடித்தால் நாற்பது சதவீதம் காலி. வெறும் தண்ணீரில் மட்டும் விழுங்க வேண்டும்.

மூக்கு ஸ்ப்ரே

மேலே சொன்ன மாத்திரைகள் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு கையாலாகாத்தனம் உண்டு. மூக்கடைப்பு. அடைப்பு பெரும்பாலும் ஹிஸ்டமின் வேலை இல்லை. அதற்குப் பின்னால் மணிக்கணக்கில் கூடுகிற வேறு செல்கள் உண்டாக்கும் வீக்கம். இருக்கைக்குத் துண்டு போட்டு அதை நிறுத்த முடியாது. வாரத்தில் நாலைந்து நாள், மாதக்கணக்கில் அடைப்பும் தும்மலும் என்றால் ஃப்ளூட்டிகசோன், மொமெட்டசோன் போன்ற ஸ்டீராய்டு ஸ்ப்ரேதான் எந்த மாத்திரையையும்விட நன்றாகக் கேட்கும்.

ஸ்டீராய்டு என்றதும் முகம் சுருங்குகிறது. மாத்திரையாக மாதக்கணக்கில் விழுங்கினால் சர்க்கரை ஏறும், எலும்பு தேயும் என்பதெல்லாம் சரிதான். ஆனால் ஸ்ப்ரேயில் இருப்பது மைக்ரோகிராம் கணக்கு, மூக்கோடு நிற்கிற சரக்கு. தொண்டைக்குள் இறங்கி வயிற்றுக்குப் போவதையும் கல்லீரல் முதல் சுற்றிலேயே தீர்த்துக்கட்டிவிடுகிறது. ஃப்ளூட்டிகசோன் ஸ்ப்ரேயில் ரத்தத்துக்கு வருவது 2 சதவீதத்துக்கும் குறைவு. டெர்ஃபெனடின் கதையில் தற்செயலாக நின்ற காவல்காரனை இங்கே தெரிந்தே வேலைக்கு வைத்திருக்கிறார்கள்.

இதன் உண்மையான பக்கவிளைவு மூக்கில் ரத்தம் கசிவது, எரிச்சல். பெரும்பாலும் அடிக்கிற விதத்தில்தான் தவறு. தலையை அண்ணாந்து, மூக்கின் நடுத்தண்டைப் பார்த்து அடித்து, ‘சர்’ரென்று தொண்டை வரை உறிஞ்சுகிறார்கள். தலையைக் கொஞ்சம் குனிய வேண்டும். வலது மூக்குக்கு இடது கை, இடது மூக்குக்கு வலது கை. அப்போதுதான் முனை தானாகக் காதுப் பக்கம் திரும்பும். மெல்ல மூச்சிழுத்தால் போதும். முழுப் பலன் தெரிய சில நாட்கள், சிலருக்கு இரண்டு வாரம் ஆகும். மூன்றாம் நாளே ‘கேக்கலை’ என்று தூக்கிப்போடுகிறவர்கள்தான் அதிகம். விலை சில நூறு ரூபாய், ஒரு பாட்டில் ஒரு மாதமாவது வரும்.

அடைப்பை நிமிடத்தில் திறக்கிற சைலோமெட்டசோலின் சொட்டு மருந்தோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அது வீங்கிய ரத்தக் குழாய்களை இறுக்குகிறது. ஒரு வாரத்துக்கு மேல் விட்டால் மருந்து தீர்ந்ததும் குழாய்கள் முன்னைவிட வீங்கும், மறுபடி சொட்டு, மறுபடி வீக்கம். சட்டைப்பையில் அந்தக் குப்பி இல்லாமல் தூங்க முடியாதவர்களை எனக்குத் தெரியும்.

சரி, கையில் என்ன கொடுப்பேன்? எப்போதாவது ஒரு நாள் தும்முகிற, வீட்டில் இருக்கிறவருக்கு ராத்திரியில் செட்டிரிசின். வண்டி, மெஷின், பரீட்சை என்று கவனம் வேண்டிய ஆளுக்குக் காலையில் தண்ணீரோடு ஃபெக்ஸோஃபெனடின். மாதக்கணக்கில் அவதி, மூக்கடைப்பும் உண்டு என்றால் மருத்துவரைப் பார்த்து ஸ்ப்ரே. அவில், சி.பி.எம். பெரியவர்களுக்கு நானாக எடுத்துத் தருவதில்லை. கர்ப்பிணிகள், பாலூட்டுகிறவர்கள், மூச்சு இரைக்கிறவர்கள், ஒரு பக்க மூக்கு மட்டும் அடைக்கிறவர்கள், கிட்னிக் கோளாறு உள்ளவர்கள் எல்லோரையும் மருத்துவரிடம்தான் அனுப்புவேன். குழந்தைகளையும். சி.பி.எம்.மும் மூக்கடைப்பைத் திறக்கிற ஃபினைலெஃப்ரினும் சேர்ந்த சளி மருந்தை நாலு வயதுக்குள் தரக்கூடாது என்று 2023 டிசம்பரிலேயே மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு சொல்லிவிட்டது. “போன தடவை குடுத்த அதே சிரப்” என்று பாட்டிலின் படத்தைக் காட்டினாலும் நான் எடுப்பதில்லை.

கட்டிங் மாஸ்டர் ஃபெக்ஸோஃபெனடினுக்கு மாறிய இரண்டாவது வாரம் அட்டையோடு வந்தார். “இருபது ரூவா மாத்திரைங்ணா, ஒரு ரூவா மாத்திரை கேட்ட அளவுக்குக்கூடக் கேக்கலை.” எப்போது போடுகிறீர்கள் என்று விசாரித்தேன். காலையில் வெறும் வயிற்றில் டீ, அதனால் நெஞ்செரிச்சல். ரோஸ் நிற அசிடிட்டி மருந்து இரண்டு மூடி ஊற்றி, அதிலேயே மாத்திரையையும் விழுங்கிவிடுகிறார். தனியாகத் தண்ணீர் எடுக்கிற வேலை மிச்சமாம்.

இப்போது பல் விளக்கியதும் தண்ணீரில் மாத்திரை, அசிடிட்டி மருந்து மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு. தும்மல் நின்றிருக்கிறது. அடைப்பு மட்டும் அப்படியே இருக்கிறது. ஸ்ப்ரேயை மூன்று முறை எடுத்துக் காட்டிவிட்டேன். “ஸ்டீராய்டாமா, வேண்டாங்ணா” என்று அதை என் பக்கமே தள்ளிவிட்டு, கையுறை போட்ட கையை ஆட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்.